ஸ்பூன் லேயர்

பத்தரை மணிக்குச் சபையிலிருந்து ஃபைல் வந்தது. நூற்றைம்பதாவது ஆண்டு விழாவின் சின்னம், போட்டியில் தேர்வானது. மேடைக்குப் பின்னால் கட்ட இருபதடியில் ஒரு ஃப்ளெக்ஸ், தெருமுக்குகளில் வைக்கச் சின்னதாக முப்பது. ஞாயிற்றுக்கிழமை விழா என்பதால் இரண்டு நாளில் அடித்துக் கொடுக்க வேண்டும்.

“மோளே, இது உனக்க நாத்தனாக்க டிசைனாக்கும்,” என்றார் பிரஸ் முதலாளி சதாசிவன் அண்ணன். “பேரு ஞாயிற்றுக்கிழமைதான் சொல்லுவாவ. அதுவரைக்கும் வெளிய விடாண்டாம்னு சபைச் செயலர் சார் சொன்னார். ஒரு வீட்டுல ரெண்டு ஆர்ட்டிஸ்டா? அப்பம் சோறு ஆரு பொங்குது?”

நான் சிரித்தேன். ஷாலு என் கணவர் விபினின் தங்கை. அவள் போட்டிக்கு அனுப்பியிருக்கிறாள் என்பதே எனக்குப் புதிது. சிரித்த வாயோடுதான் ஃபைலைத் திறந்தேன்.

தேன் நிறத்தில் சாய்சதுரங்கள். வரிவரியாகக் கீழே இறங்கி, நடுவில் வெளிச்சத்தை மட்டும் விட்டுவைத்திருந்தன. அந்த வெளிச்சம் சிலுவையாக இருந்தது. முதலில் நான் நினைத்தது, சபைக்காரர்கள் தவறாக என்னுடைய ஃபைலை அனுப்பிவிட்டார்கள் என்று. நான் யாருக்கும் அதை அனுப்பவில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பாறசாலையில் இந்த நாற்காலியில் எட்டு வருஷமாக உட்கார்ந்து, மற்றவர்கள் சொல்வதைச் செய்துகொடுக்கிறேன். மாப்பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்கு. தலைவரின் வேட்டிச் சுருக்கத்தை எடு. இறந்தவருக்குப் பின்னால் மேகம் வை. இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் எனக்கென்று இருந்தது வேறு ஒன்று. கொல்லயிலில் பஸ் ஏறி பாறசாலையில் இறங்குவதற்குள் போனில் ஏதாவது ஒரு பொருளைப் படம் எடுத்துவிடுவேன். முட்டைக் கடையின் அட்டை, பஸ் ஜன்னலில் மழைப்படுதாவைச் சுருட்டிக் கட்டும் வார், யாரோ மடியில் வைத்திருக்கும் இடியாப்ப அச்சின் துளைகள். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் அதைத் திருப்பித் திருப்பி வரைவேன். போனில் நான் பின்தொடரும் டிஜிட்டல் ஓவியர்கள் சிலர் உண்டு. குளிர்தேசம் ஒன்றிலிருந்து ஒருத்தி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை மட்டும் நூறு தடவை அடுக்கிக் கடலாக்கியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அன்று மீன்குழம்பு அடிப்பிடித்தது. கடலில்லை என்று தெரிந்தும் கடலைப் பார்த்தேன். அப்படி ஒன்றை என்னாலும் செய்ய முடியுமென்று அன்றுதான் தோன்றியது.

இந்தப் படத்தில் இருக்கும் ரப்பர் ஷீட்டும் அப்படி வந்ததுதான். ஆரியங்கோட்டில் அப்பாவுக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. பாலை உறைய வைத்து, வெள்ளைக் கட்டியாக எடுத்து, இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் தட்டையான ஷீட்டாக வெளியே வரும். உருளையில் வெட்டியிருக்கும் பற்கள் ஷீட்டின்மேல் சாய்சதுரங்களைப் பதித்துவிடும். ஏழு வயதில், ஸ்பூனிலும் அந்த டைமண்ட் விழுமா என்று பார்க்க நான் ஒரு எவர்சில்வர் ஸ்பூனை மிஷினுக்குள் கொடுத்தேன். டைமண்ட் விழவில்லை. உருளையில் ஒரு பல் உடைந்தது. அன்றுமுதல் அப்பாவின் ஷீட்டில் முழத்துக்கு ஒரு டைமண்ட் குத்துப்பட்டதுபோல மூளியாகத்தான் இருக்கும். அப்பா உருளையை மாற்றவில்லை. ரப்பர் கடைக்காரர் கட்டைப் புரட்டிப் பார்த்து, “இது ராஜதாசுக்க ஷீட்டு, மகளுக்க கையெழுத்து கெடக்குல்லா,” என்பார். அதைக் கேட்கவே அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப்போவார்.

போன கிறிஸ்துமஸுக்கு அங்கே போனபோது கொடியில் ஒரு ஷீட் காய்ந்து தேன் நிறமாகியிருந்தது. அதற்குப் பின்னால் வெயில். எங்கள் சபையின் ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி கிடையாது, வெறும் கம்பிதான். அந்தக் கம்பி ஜன்னலில் இந்த ஷீட்டை வைத்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தேன். ஐந்து மாதம் வரைந்தேன். அதற்குள் சபையில் போட்டி அறிவித்தார்கள். எனக்காகவே அறிவித்ததுபோல இருந்தது.

கம்ப்யூட்டரில் ஒரு படம், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல இருக்கும். லேயர் என்போம். ஒவ்வொரு லேயருக்கும் நாமே ஒரு பெயர் வைக்கலாம். பக்கத்தில் கண்போல ஒரு பொத்தான் உண்டு. கண்ணை மூடினால் அந்தத் தாள் மட்டும் மறைந்துபோகும். பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் ஒன்றாக்கி அனுப்புவதுதான் முறை. இந்த ஃபைலை அனுப்பியவளுக்கு அது தெரியவில்லை, அல்லது அவசரம். ஓரத்தில் பெயர்கள் அப்படியே வரிசையாக இருந்தன. அப்பா ஷீட். வெயில். ஜன்னல் கம்பி. ஸ்பூன்.

ஸ்பூன் லேயரின் கண் மட்டும் மூடியிருந்தது. படத்தில் ஒரு டைமண்டும் மூளியில்லாமல், எல்லாம் முழுசாக, ஒன்றுபோல இருந்தன.

“என்ன மோளே, ஃபைல் ஓப்பன் ஆகல்லியா?” என்றார் சதாசிவன் அண்ணன்.

“ஆச்சு அண்ணே.”

“முகம் என்ன அப்பிடி?”

“கண்ணுல தூசி.”

மத்தியானம் ஷாலுவே வந்தாள், கலர் சரியாக விழுகிறதா என்று பார்க்க. கையில் பப்ஸ் பொட்டலம். எனக்கு ஒன்றை நீட்டினாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று தோளில் நாடியை வைத்துக்கொண்டு, “மைனி, எப்பிடி உண்டு? ஸ்க்ரீன்ல பாக்கும்போ ஒரு மாதிரி குளிருது எனக்கு,” என்றாள்.

திருடி வந்தவள் இப்படித் தோளில் நாடியை வைப்பாளா? நான் திரும்பவில்லை.

“இது உனக்கு எப்பிடிக் கெடச்சுது ஷாலு?”

“என்ன மைனி இது? நீங்க தந்ததுதானே.”

“நான் தந்தேனா?”

“அண்ணன் கொண்டு தந்தானே. எனக்க பிறந்தநாளன்னைக்கு. மைனி உனக்குத் தந்த கிஃப்டு, நீ உனக்க பேருல போட்டிக்கு அனுப்பிக்கோன்னு சொன்னான். பிரஸ்ஸுல வேலை செய்யுத ஆளுக்க படம்னா நாலுபேரு பேசுவாவன்னு மைனிக்கு மனசில்லன்னு...” அவள் நிறுத்தினாள். “நான் அன்னைக்கே போன் செய்து தேங்க்ஸ் சொன்னேன்லா?”

சொன்னாள். ஞாபகமிருக்கிறது. அவளுக்கு விபின் கையில் ஒரு சுடிதார் துணி கொடுத்து அனுப்பியிருந்தேன். அதற்குத்தான் நன்றி சொல்கிறாள் என்று நினைத்து, “அதெல்லாம் ஒண்ணுமில்ல மக்கா,” என்றேன்.

அவள் பிறந்தநாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் விபினிடம், படம் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவர் சனிக்கிழமை சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அடுக்களைக்கே வந்தார். நான் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, என் தலையில் ஒட்டியிருந்த தோலை எடுத்துப்போட்டு, “ஜின்சி, அது வேண்டாம் கேட்டியா. சபைக்க நோட்டீசு முழுக்க உங்க பிரஸ்ஸுலதான் அடிக்குது. உனக்க படத்தை எடுத்தா, உள்ளுக்குள்ள ஆள் வச்சு ஜெயிச்சாண்ணு சொல்லுவாவ. உனக்குத் தாங்காது,” என்றார். எனக்குத் தாங்காது என்பதுவரை யோசிக்கிற ஒருவர் வாய்த்திருக்கிறார் என்று அன்று சந்தோஷப்பட்டேன். மரச்சீனியைக் கொஞ்சம் அதிகமாகவே நறுக்கினேன்.

அவர் அதைச் சொன்னபோது படம் வீட்டை விட்டுப் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

“இந்தக் கண்ணை ஏன் மூடியிருக்க?” என்று ஷாலுவிடம் ஸ்பூன் லேயரைக் காட்டினேன்.

“அதா? அங்கங்க ஒரு டைமண்டு என்னமோ மூளியாட்டு இருந்துது மைனி. நீங்க தெரியாம விட்டிருப்பீங்கன்னு சரியாக்குனேன்.” பிறகு, மெதுவாக, “அண்ணன் உங்ககிட்ட கேக்கல்லியா?” என்றாள்.

அவள் கையிலிருந்த பப்ஸைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தாள். அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் அவளுக்கு இன்டர்வியூ உண்டு. படித்து முடித்து ஒன்றரை வருஷமாக அலைகிறாள். இந்தப் படத்தைத்தான் முதல் பக்கத்தில் வைத்திருப்பாள் என்று தெரிந்தது. அவளை வெறுக்க முடிந்திருந்தால் அந்த மத்தியானத்தைக் கடப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும். “நீ போ, நான் பாத்துக்குதேன்,” என்றேன்.

சாயங்காலம் பஸ்ஸில் போனைக் கையில் வைத்திருந்தேன். எதையும் எடுக்கத் தோன்றவில்லை. முட்டை அட்டை முட்டை அட்டையாகவே இருந்தது. ஜன்னல் வார் வெறும் வார். கொல்லயில் வரும்வரை ஒரு பொருளும் எனக்கு வேறு ஒன்றாகத் தெரியவில்லை.

விபின் நெய்யாற்றின்கரையில் ஒரு டைல்ஸ் கடையில் இருக்கிறார். ஆறு மணிக்கு வந்துவிடுவார். சாயாவை முன்னால் வைத்தேன். லேப்டாப் எப்போதும்போல மேஜைமேல் இருந்தது. அதன் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். வீட்டுக்குள் பூட்டிவைக்க எனக்கு என்ன இருந்தது? ஃபைலை பென்டிரைவில் எடுக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, பிரஸ்ஸுக்கு அவர்தான் எடுத்துக்கொண்டு போனார். அன்று அவர் விரலைப் பிடித்து எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டியதை நினைத்துக்கொண்டேன்.

“ஷாலுக்க படம் இன்னைக்கு பிரஸ்ஸுக்கு வந்துது,” என்றேன்.

சாயாவை அவர் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை.

“சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எப்பம்?”

“எட்டி, அவளுக்கு அப்பன் இல்லை. நான் அல்லாம ஆரு உண்டு? இன்டர்வியூவுக்குக் கொண்டுபோவ ஒரு நல்ல படம் இல்லாம அவ அழுதா. உனக்கு வேலை உண்டு. மாசாமாசம் எத்தனை படம் போடுத. அதுல ஒண்ணு. ரப்பர் ஷீட்டுதானே ஜின்சி!”

“எனக்கிட்ட கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?”

“மாட்ட,” என்றார். யோசிக்காமல் வந்தது. அது உண்மைதான், மாட்டேன். அதைத் தெரிந்தவராக இருந்ததால்தான் கேட்காமல் எடுத்தார். என்னை நன்றாகத் தெரிந்தவர் என்று இத்தனை வருஷம் நான் பெருமைப்பட்டது இதுதான் போலும்.

“அப்பம் எனக்கிட்ட அனுப்பாண்டாம்னு சொன்னது?”

“ஒரே படம் ரெண்டு பேருல போனா நாணக்கேடு இல்லியா?” என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “சத்தியமா ஜின்சி, இது இவ்வளவு தூரம் போவும்னு நான் கண்டேனா? நாப்பது அம்பது பேரு அனுப்புவாவ, அதோட தீரும்னு நெனச்சேன். உனக்க படம் ஜெயிக்கும்னு தெரிஞ்சிருந்தா நான் குடுத்திருப்பேனா?”

ஆறுதலாகச் சொன்னார். என்னைச் சமாதானப்படுத்த அவரிடம் இருந்ததில் சிறந்தது அதுதான். ஐந்து மாதம் அவர் என் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்து, “கொள்ளாம், கொள்ளாம்,” என்று மெச்சிய ஒவ்வொரு தடவையும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றது. எடுத்துக் கொடுத்ததைக்கூட ஒருவேளை தங்கைப் பாசம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெயிக்காது என்று நினைத்துத்தான் கொடுத்தார் என்பதை எங்கே வைப்பது?

“ஞாயிற்றுக்கிழமை முடியட்டும். அவளுக்கு வேலை கெடச்சா நம்ம பொறவு மெதுவா சொல்லலாம்,” என்றார். ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்து, டம்ளரை அவரே கொண்டுபோய்க் கழுவி வைத்தார். டம்ளரை அவர் கழுவுவது கல்யாணம் கழிந்து இரண்டாவது தடவை.

மறுநாள் காலை பிரஸ்ஸில் ஃபைலைத் திறந்தேன். அழித்துவிடலாம் என்று தோன்றியது. கீழே ஓரத்தில் என் பெயரைச் சின்னதாகப் போடலாம் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. ஸ்பூன் லேயரின் கண்ணைத் திறந்தேன். அவ்வளவுதான். மூளிகள் வந்து அவற்றின் இடத்தில் உட்கார்ந்தன.

“அடிக்கட்டா?” என்றார் சதாசிவன் அண்ணன்.

“அடியுங்க.”

ஃப்ளெக்ஸ் விரற்கடை விரற்கடையாக வெளியே வந்தது, அப்பாவின் மிஷினிலிருந்து ஷீட் வருவதுபோல. முழத்துக்கு ஒன்று, முழத்துக்கு ஒன்று. நான் பக்கத்திலேயே நின்றேன். தொட்டால் மை கலையும் என்று தெரிந்தும் ஒரு மூளியின்மேல் விரலை வைத்தேன்.

நாலு மணிக்கு சபைச் செயலர் வேதமாணிக்கம் சார் பிக்கப் வேனில் வந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிழை கண்டுபிடிப்பதில் இன்னும் ஓய்வு பெறாதவர். கட்டி ஏற்ற உதவியாக வாலிபர் சங்கத்திலிருந்து இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தார். அதில் ஒருவர் விபின், கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பெரியதைத் தரையில் விரித்துக் காட்டினோம். சார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுற்றி நடந்தார். “ஹா, நல்ல ஐஸ்வர்யம். ஷாலு பிள்ளை கொள்ளாம்,” என்றவர் நின்றார். குனிந்தார். “இது என்ன? இங்கயும் உண்டே. அங்கயும். எலே சதாசிவா, உனக்க மிஷினை எலி கரண்டிச்சா? கமிட்டி பாத்தப்ப இது இல்லை!”

“மோளே?” என்று சதாசிவன் அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் மிஷினை யாராவது குறை சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும்.

நான் விபினைப் பார்த்தேன். இப்போதும் அவர் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சார், அது இவளுக்க படம். அவ்வளவு சொன்னால் நான் எல்லாவற்றையும் மறந்திருப்பேன் என்று எழுதினால் பொய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்க என்னால் முடிந்திருக்கும்.

“பிரிண்டிங் மிஸ்டேக்கா இருக்கும் சார்,” என்றார் விபின். என் பக்கம் திரும்பாமல், ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நேத்து இவளுக்கு நல்ல தலைவேதனை. பாக்காம விட்டிருப்பா. மாத்தி அடிச்சுத் தருவா.”

நான் ஃப்ளெக்ஸைச் சுற்றி வந்து சாரின் முன்னால் நின்றேன்.

“மிஸ்டேக் இல்ல சார். அது நான் வரைஞ்சது.”

“நீயா? நீ எதுக்கு மற்றவளுக்க படத்துல கை வைக்குத?”

“படமே நான் வரைஞ்சது. வாங்க, காட்டுதேன்.”

கம்ப்யூட்டரின் முன்னால் அவரை உட்கார வைத்தேன். அப்பா ஷீட், வெயில், ஜன்னல் கம்பி, ஸ்பூன். சார் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். ஸ்பூன் என்று வந்ததும் என்னைப் பார்த்தார். ஏழு வயதுக் கதையைச் சொன்னேன். ரப்பர் கடைக்காரர் சொல்வதையும் சொன்னேன். கண்ணை மூடினேன், திறந்தேன். திரையில் மூளி போனது, வந்தது.

“ஷாலுக்கிட்டயும் கேளுங்க சார். அவ பொய் சொல்லமாட்டா. அவளுக்கு இது எப்பிடிக் கெடச்சுதுன்னும் கேளுங்க.”

சார் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். விபின் ஃப்ளெக்ஸின் ஒரு முனையைப் பிடித்தபடியே நின்றிருந்தார். சதாசிவன் அண்ணன் எதுவும் புரியாமலும், எல்லாம் புரிந்தும், ஸ்டேப்லர் பின்னை எண்ணுவதுபோல மேஜையைக் கிளறினார்.

திரும்பி வந்தபோது சாரின் குரல் வகுப்பறைக் குரலாக இல்லை. “அந்தப் பிள்ளை அழுவுது. மைனிக்க படம்தான்னு சொல்லுது.” விபினை ஒரு தடவை பார்த்தார். விபினின் காதுமடல் சிவந்ததைப் பார்த்தேன். இரண்டு நாளைக்கு முன்னால் யாராவது அவரை அப்படிப் பார்த்திருந்தால் எனக்கு ஆத்திரம் வந்திருக்கும்.

“அப்பம் இதை இப்பிடியே கட்டுவோம், மூளியோட,” என்றார் சார். சட்டைப்பையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் தாளை எடுத்தார். ஷாலுவின் பெயரை அடித்துவிட்டு, பேனாவை நிறுத்தி, “ஜின்சி விபின், அப்பிடித்தானே மோளே?” என்றார்.

“ஜின்சி ராஜதாஸ்,” என்றேன்.

சார் எழுதினார். விபின் ஃப்ளெக்ஸைச் சுருட்ட ஆரம்பித்தார். நன்றாகச் சுருட்டத் தெரிந்தவர், அன்று கோணலாகப் போய்க்கொண்டே இருந்தது. நான் போய் மறுமுனையைப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மேஜையில் லேப்டாப்பைத் திறந்தேன். விபின் சாயாவுடன் வந்து பின்னால் நின்றார். அவரே போட்ட சாயா. “நாலு பேரு முன்னால சொல்லாண்டாமாயிருந்தது,” என்றார். பிறகு, “ஷாலு இன்டர்வியூவுக்குப் போவமாட்டாளாம்,” என்றார். அதற்கு நான் வருந்தினேன், உண்மையாகவே. அவளுக்குப் போன் செய்து, அவள் வரைந்ததையே எடுத்துக்கொண்டு போகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை.

திரை பாஸ்வேர்டு கேட்டது. பழையதைப் போட்டு உள்ளே போய், புதியது ஒன்றைத் தட்டினேன். தட்டும்போது என் இடது கை தானாக எழுந்து விசைகளுக்கு மேல் மறைப்பாக நின்றது. அந்தக் கையை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அதை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு மீதி எழுத்துகளையும் அதன் அடியிலேயே தட்டி முடித்தேன்.